திரைவாசிப்பானுடன் ஒலிப்பதிவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பார்வையற்ற நாம் கணினியை இயக்குவது, திரையில் உள்ளதைப் பேச்சாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளைக் கொண்டு. மார்கழிக் கச்சேரிகளைக் கேட்ட சூட்டோடு தாமும் பாடிப் பதிவு செய்ய உட்கார்ந்தவர்கள் பலர் போலிருக்கிறது. இம்முறை வந்த கடிதங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கே: ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் நான் பாடிப் பதிவு செய்த விருத்தத்தின் நடுவே என்விடிஏ வாசிப்பான் பேசுவதும் பதிவாகியிருக்கிறது. அந்தக் குரலை மட்டும் நீக்க முடியுமா? (பெரம்பூர்)

ப: சுத்தமாக நீக்க முடியாது. அதற்காகச் செலவிடும் நேரத்தில் அந்த விருத்தத்தை நான்கு முறை பாடிவிடலாம். இனி நேராமலிருக்க, காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து வந்த வாசிப்பானின் பேச்சை மைக் பிடித்திருந்தால், காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஒன்று போதும். அவ்வாறில்லையெனில், மைக்குக்குப் பதிலாகக் கணினிக்குள் ஓடும் ஒலியையே பிடிக்கும் ஸ்டீரியோ மிக்ஸ் அல்லது லூப்பேக் பதிவுக் கருவியாகத் தேர்வாகியிருக்கும். ஷிப்டுடன் ஐ விசையை அழுத்தினால் பதிவுக் கருவிகளின் பட்டியல் திறக்கும். அதில் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் எழுதுவதையே மீண்டும் எழுதுகிறேன்: பத்து விநாடி பதிவு செய்து, அதைக் கேட்டுவிட்டு, அதன் பிறகே பாடத் தொடங்குங்கள். அந்தப் பத்து விநாடியை மிச்சம் பிடித்தவர்கள்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

கே: பாடலைக் கேட்டுக்கொண்டே திருத்தும்போது, வாசிப்பான் பேசும் ஒவ்வொரு முறையும் பாடலின் ஒலி தாழ்ந்துவிடுகிறது. ஒலி அட்டை பழுதாகிவிட்டதா? (நங்கநல்லூர்)

ப: பழுதில்லை. அது என்விடிஏவின் ஆடியோ டக்கிங் வசதி. இன்சர்ட், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டக்கிங் இல்லை என்று சொல்லும்வரை மீண்டும் அழுத்துங்கள்.

கே: ஆடாசிட்டி வேலை செய்யவில்லை. உடனே பதில் தேவை. (ஊர் குறிப்பிடப்படவில்லை)

ப: எந்தப் பதிப்பு, எந்த வாசிப்பான், எந்த விசையை அழுத்தினீர்கள், அப்போது வாசிப்பான் என்ன சொன்னது என்ற நான்கையும் எழுதினால் பதில் கிடைக்கும். மருத்துவரிடம் போய் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருகிறவர்கள் உண்டா?

கே: நேற்றுவரை ஆர் விசையை அழுத்தினால் பதிவு தொடங்கியது. இன்று ஒன்றும் நடக்கவில்லை. அடைப்புக்குறி விசைகளும் அப்படியே. (தாம்பரம்)

ப: இடையில் யாருக்காவது தமிழில் மின்னஞ்சல் எழுதினீர்களா? விசைப்பலகை இன்னும் தமிழிலேயே இருக்கும். ஆங்கில எழுத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஆடாசிட்டிக்குத் தமிழ் எழுத்து போய்ச் சேர்ந்தால் அது பேசாமல் இருந்துவிடும். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறுங்கள். அடைப்புக்குறிகளைப் பற்றி எழுதியிருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது சதுர அடைப்பை அழுத்தினால் அந்த இடத்தில் தேர்வு தொடங்கும். வலது சதுர அடைப்பை அழுத்தினால் அங்கே முடியும். சுட்டியைத் தொடாமல், அலைவடிவத்தைப் பாராமல், காதை மட்டும் நம்பி வெட்டுவதற்கு இதைவிட எளிய முறையை நான் அறியேன். வெட்டுவதற்கு முன் மூலக் கோப்பின் நகலொன்றை வேறு கோப்புறையில் வைத்துவிடுங்கள்.

கே: ஒலிநூல் பதிவு செய்கிறேன். மீட்டரைப் பார்க்க முடியாத நான் ஒலி அளவு சரியாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? (அண்ணா நகர்)

ப: பார்வையுள்ளவர்களே மீட்டரில் ஆடும் பச்சைக் கோட்டைக் குத்துமதிப்பாகத்தான் படிக்கிறார்கள், நமக்கு எண்ணே கிடைக்கும். முழுப் பதிவையும் கண்ட்ரோல் ஏ கொண்டு தேர்ந்தெடுத்து, ஆம்ப்ளிஃபை விளைவைத் திறந்து, எதையும் மாற்றாமல் முதல் பெட்டியிலுள்ள எண்ணை மட்டும் கேளுங்கள். உச்சவரம்பான பூஜ்யத்தைத் தொட இன்னும் எவ்வளவு கூட்டலாம் என்பதே அந்த எண். அது 4.5 என்றால் உங்கள் உச்சம் மைனஸ் 4.5 டெசிபெல். கேட்டதும் எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடுங்கள். என்டரை அழுத்திவிட்டால் ஒலி உச்சிக்கு ஏறிவிடும். சராசரிக்கு, ஆய்வுப் பட்டியலில் உள்ள மெஷர் ஆர்எம்எஸ் எண்ணைச் சொல்லும். ஆடிபிள் என்ற ஒலிநூல் விற்பனைத் தளத்துக்காகப் பதிவுகளை ஏற்கும் ஏசிஎக்ஸ் தளம் கேட்பது: சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடையில், உச்சம் மைனஸ் 3க்குக் கீழே, யாரும் பேசாத இடத்து இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே. நம் ஊர் வீடுகளில் முதல் இரண்டும் எளிது. மூன்றாவதற்கு மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஆட்டோ ஹாரன் ஓயும் நேரம்வரை விழித்திருக்கவும் வேண்டும்.

கே: மின்விசிறியை நிறுத்தாமலேயே, இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கூட்டி வைத்துச் சமாளிக்கலாமா? (மாதவரம்)

ப: கூட்டினால் உங்கள் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகும். 12 டெசிபெல்லைத் தாண்டாதீர்கள். விசிறியை நிறுத்துங்கள், வியர்வை ஒலிப்பதிவில் கேட்காது.

கே: ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், ஒலிக்கருவியோடு நேரடியாகப் பேசும் ஆசியோ இயக்கியைத் தேர்ந்தெடுத்ததும் வாசிப்பான் ஊமையாகிவிடுகிறது. கணினியை அணைத்து ஏற்றினால்தான் மீண்டும் பேசுகிறது. (வேளச்சேரி)

ப: இரண்டும் ஒரே ஒலிக்கருவிக்குப் போட்டியிடுகின்றன, ஆசியோ அதைத் தனக்கென எடுத்துக்கொண்டுவிடுகிறது. வாசிப்பானின் பேச்சை மடிக்கணினியின் சொந்த ஒலி அட்டைக்கு மாற்றிவிட்டு, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸை ரீப்பருக்கு மட்டும் விடுங்கள். என்விடிஏவின் புதிய பதிப்புகளில் இதற்கான தேர்வு அமைப்புகளின் ஆடியோ பக்கத்தில் இருக்கிறது. சொந்த அட்டை பழுதாகியிருந்தால் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி ஒலி அட்டை கிடைக்கும். வாசிப்பானின் பேச்சுக்கு அது தாராளம். பஃபரை, அதாவது ஒலியைச் சிறிது சேர்த்துவைக்கும் அளவை, 256க்கு வைத்தால் தாமதம் ஐந்தாறு மில்லி விநாடிதான். மாற்றி முடித்ததும் பத்து விநாடி பதிவு செய்து கேளுங்கள்.

கே: ரீப்பரின் உரிமப் பூட்டை உடைத்த பதிப்பு ஒன்றை நண்பர் தந்தார். அதில், ரீப்பரை வாசிப்பானோடு பேசவைக்கும் ஓசாரா என்ற நீட்சி ஏறவில்லை. என்ன செய்யலாம்? (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

ப: அழித்துவிடலாம். ரீப்பரை 60 நாள் முறையாகவே இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர், அதாவது ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஓசாராவுக்கும் என்விடிஏவுக்கும் விலையே இல்லை. இவ்வளவு மலிவானதையும் திருடத்தான் வேண்டுமா?

கே: ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை கேட்டுப் போனேன். ரீப்பரில் நான் வெட்டி ஒட்டியதைப் பாராட்டினார்கள். ஆனால் அங்குள்ள பிளகின்கள் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்கள்) எல்லாம் படங்களாக இருப்பதால், பார்வையுள்ள உதவியாளர் ஒருவரை நானே அழைத்து வர வேண்டும் என்கிறார்கள். இதற்கு வழி உண்டா? (பூந்தமல்லி)

ப: உண்டு, ஆனால் அதற்கு முன் சிறிது கோபப்பட அனுமதியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதுவே நடந்தது. விசைப்பலகையின் முன்னால் என்னை உட்கார விடாமல் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல ஒரு பையன் சுட்டியை நகர்த்தினான். மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை ஒரு நாளைத் தின்றது. பார்வையற்ற நாங்கள் மெதுவாக வேலை செய்வோம் என்ற முடிவுக்கு அன்று அந்தக் கூடத்தார் வந்தார்கள். சுட்டியைப் பையனிடம் கொடுத்தது அவர்கள் என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

பிளகின் செய்கிறவர்கள் பழைய இரும்புப் பெட்டியைப் போலத் திருகுகளையும் முட்களையும் வரைந்து வைக்கிறார்கள். அந்தத் திருகின் பெயர் என்ன, இப்போது அதன் அளவு என்ன என்பதை இயங்குதளத்திடம் சொல்லிவைத்தால் வாசிப்பான் அதைப் படித்துவிடும். அதைச் சொல்லாமல் விடுவதால்தான் உங்கள் காதில் மௌனம் விழுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், பாடலின் போக்கில் அளவுகளைத் தானாக மாற்றும் ஆட்டோமேஷனுக்காக ஒவ்வொரு பிளகினும் தன் அளவுருக்களைப் பெயரோடும் மதிப்போடும் ரீப்பரிடம் எப்படியும் ஒப்படைத்தாக வேண்டும். ஆகவே தகவல் உள்ளே இருக்கிறது, படம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஓசாரா அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போகிறது. டிராக்கில் நின்று பி விசையை அழுத்தி, எஃபெக்டைத் தேர்ந்தெடுத்தால், அளவுருக்கள் பட்டியலாக வரும். ஒவ்வொன்றையும் அம்புக்குறி விசைகளால் கூட்டலாம், குறைக்கலாம். உரத்த ஒலியை அடக்கும் கம்ப்ரஸர் எந்த அளவில் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதைக் குறிக்கும் த்ரெஷோல்டை மைனஸ் 18இல் நிறுத்த வேண்டுமென்றால் எண்ணைக் கேட்டே நிறுத்தலாம். சுட்டியால் திருகை இழுக்கிறவர் அந்த எண்ணைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதை நான் பலமுறை உடனிருந்து கேட்டிருக்கிறேன்.

எல்லாம் இப்படித் தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன். சில பிளகின்கள் தம் அளவுருக்களுக்கு வெறும் எண்களையே பெயராக வைத்திருக்கும். உரிமத்தைப் பதிவு செய்வது, இசைக்கருவிக் கோப்பை ஏற்றுவது போன்றவை பட்டியலுக்குள் வரவே வராது. அங்கே இன்சர்ட்டுடன் ஆர் விசையை அழுத்தினால் என்விடிஏ படத்திலுள்ள எழுத்துகளைப் படித்துக் காட்டும். தேவையான சொல்லின்மேல் நின்று என்டர் அழுத்தினால் சொடுக்கியதாகவும் கொள்ளும். பாதி நேரம் பலிக்கும்.

கூடத்தாரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: அவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் பிளகின்களின் பெயர்ப் பட்டியலையும், அவர்களுடைய கணினியில் ஒரு மணி நேரத்தையும். எத்தனை பிளகின்கள் பிடிபட்டன என்று எண்ணிச் சொல்லுங்கள். பிடிபடாதவற்றுக்குப் பதிலாக ரீப்பருடனேயே வரும் ஈக்வலைசரையும் கம்ப்ரஸரையும் வைத்து ஒரு பாடலை அங்கேயே கலந்து காட்டுங்கள். உதவியாளர் வேண்டுமா என்பதை அதைக் கேட்டபின் அவர்கள் சொல்லட்டும். போகும்போது உங்கள் ஹெட்போனையும், ரீப்பர் அமைப்புகளின் நகல் உள்ள பென் டிரைவையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கணினியில் ஓசாராவும் என்விடிஏவும் நிறுவ முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

கே: மடிக்கணினியை விற்றுவிட்டு மேக் வாங்கினால் வேலை எளிதாகுமா? (கொளத்தூர்)

ப: மேக்கில் வாய்ஸ்ஓவர் என்ற வாசிப்பான் 2005 முதல் இருக்கிறது; லாஜிக் புரோ என்ற இசை மென்பொருளில் அதைக் கொண்டு முழு இசைத்தொகுப்பையும் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் ஆடாசிட்டியை நிறுவியதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதில் ஒரு பாட்டை முடியுங்கள்.

கே: தமிழ்க் குரலில் வாசிப்பானை வைத்துக்கொண்டு ஆடாசிட்டியை இயக்கலாமா? (மயிலாப்பூர்)

ப: இயக்கலாம். எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் ஒலியாக்கியிலும் தமிழ் உண்டு, விண்டோஸில் வள்ளுவர் என்ற குரலும் உண்டு. பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருக்கும்போது தமிழ்க் குரல் அவற்றைக் கடித்துக் குதறுவதுபோல் தோன்றினால், திருத்தும் வேளைக்கு மட்டும் ஆங்கிலக் குரலுக்கு மாறிக்கொள்ளுங்கள். இன்சர்ட், கண்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒலியாக்கியை மாற்றும் பெட்டி திறக்கும். மாற்றிய பிறகு, பத்து விநாடி.