ரோபோ ஆபரேஷன்: மெஷின் நடுவில் நின்றால்?

கேள்வி: என் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ரோபோ மூலம் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். “மெஷின் கையில் என்னைக் கொடுத்துவிடாதே” என்று அம்மா பயப்படுகிறார். பாதியில் அது நின்றுவிட்டால் என்ன ஆகும்? சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியே போதாதா?
– ஒரு வாசகி

பதில்: அந்த ரோபோ தானாக ஒரு தையல்கூடப் போடாது என்று அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். அறுவை நிபுணர் அதே அறையில், சில அடி தள்ளி, கன்சோல் எனும் கட்டுப்பாட்டு இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அவர் விரல் அசைந்தால்தான் உள்ளே கருவி அசையும். கை நடுக்கத்தை மெஷின் வடிகட்டிவிடும். டாவின்சி என்ற ரோபோவில் நான் ஆபரேஷன் செய்யும்போது, பார்வைத் திரையிலிருந்து முகத்தை எடுத்த உடனே கருவிகள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும்.

நோயாளிகள் அதிகம் கேள்விப்படாத ஒருவர் மேசையருகே நிற்கிறார். கருவி மாற்றுவது, ரத்தத்தை உறிஞ்சுவது, குழாயை அடைக்கும் கிளிப் போடுவது எல்லாம் அந்த உதவி மருத்துவரோ செவிலியரோதான். திரைக்குள் இருக்கும் என் முகத்தை அவரால் பார்க்க முடியாது. அதனால் எங்களுக்குள் எல்லாமே பேச்சுதான். “கிளிப் உள்ளே வருகிறது” என்பார் அவர். “தெரிகிறது, வாருங்கள்” என்று நான் சொன்ன பிறகுதான் அது நகரும். இந்தப் பேச்சு சரியாக இல்லாத குழுவை நான் நம்பமாட்டேன், மெஷின் எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

ஒரு குறையும் உண்டு. பல ரோபோக்களில் தொடு உணர்வு கைக்கு வராது. நூலை இழுக்கும்போது திசு வெளுக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் இறுக்கத்தைக் கணிக்கிறோம். இழுவிசையைக் கைக்கு உணர்த்தும் கருவிகள் டாவின்சியில் 2024-ல்தான் வந்தன. இது பழகப் பழக வருகிற கலை.

மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்க பேட்டரி இருக்கிறது. மெஷினே பழுதானால், கருவிகளை வெளியே எடுத்து, ரோபோக் கைகளை விலக்கி, லேப்ராஸ்கோப்பியாகவோ வயிற்றைத் திறந்தோ முடிப்போம். நல்ல குழுக்கள் இதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைத்திருக்கும்.

சரி, லேப்ராஸ்கோப்பி போதுமா? சாதாரணப் பித்தப்பைக் கல்லுக்குப் போதும் என்பதே என் கருத்து. அமெரிக்காவில் மெடிகேர் எனும் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. பித்தநாளம் (பித்தநீர் செல்லும் குழாய்) காயப்பட்டு மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது லேப்ராஸ்கோப்பியில் சுமார் 0.2 சதவீதம், ரோபோவில் 0.7 சதவீதம். இரண்டுமே சிறிய எண்கள்தான், ஆனால் வித்தியாசம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. புரோஸ்டேட் போன்ற குறுகலான இடத்தில் வேலை செய்யும்போது மணிக்கட்டு போல வளையும் ரோபோவின் கருவி முனை எனக்குப் பெரிய உதவி. பித்தப்பைக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

எனவே உங்கள் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ஆபரேஷனை ரோபோவில் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? மேசையருகே நிற்கப்போவது யார், உங்களோடு எவ்வளவு காலமாக வேலை செய்கிறார்? தயங்காமல் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் கைக்கு லேப்ராஸ்கோப்பிதான் பழக்கம் என்றால், அதிலேயே செய்யச் சொல்லுங்கள்.