‘தி ப்ளூஸ் பிரதர்ஸ்’ படத்தின் கார் துரத்தல்களில் இத்தனை பிழைகளை எப்படி விட்டார்கள்?

1980-இல் வந்த இந்த அமெரிக்க நகைச்சுவைப் படத்தில் நசுங்கிய கார் அடுத்த ஷாட்டில் புதிதாக நிற்கிறது, சிகாகோ என்று சொல்லிவிட்டு வேறு ஊரைக் காட்டுகிறார்கள், இதையெல்லாம் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பீர்கள் போல. அந்த ‘வேறு ஊர்’ மில்வாக்கி. நான் ஒன்பது வருடம் குடும்பம் நடத்திய ஊர். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நீங்கள் சொல்லும் இடம், கதாநாயகர்களைத் துரத்தி வரும் நாஜிக் கும்பலின் கார், பாதி கட்டிய மேம்பாலத்திலிருந்து விழும் காட்சி. அந்தப் பாலம் மில்வாக்கியில் அப்போது கட்டி முடிக்காமல் கிடந்த நெடுஞ்சாலைக் கிளை. பின்னால் தெரிகிற 42 மாடிக் கட்டடம் விஸ்கான்சின் மாநிலத்திலேயே உயரமானது. அங்கிருந்து சிகாகோ சுமார் 90 மைல். அடுத்த ஷாட்டிலேயே கார் சிகாகோ கட்டடங்களுக்கு மேலே ஆகாயத்தில் இருக்கிறது. அதற்கு நிஜமாகவே ஒரு ஃபோர்ட் பின்டோ காரை ஹெலிகாப்டரில் சுமார் 1,200 அடி உயரம் தூக்கிப்போய்ப் போட்டார்கள். பாலத்திலிருந்து விழும் வண்டி அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போனது என்று கேட்டால் பதில் கிடையாது. அதைப் பிழை என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை.

ஒருமுறை ஒரு பாட்லக்கில், அதாவது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்தில், இதைச் சொன்னேன். என் கணவரின் நண்பர் ஒருவர், “சிஸ்டர், அது சிகாகோதான். கார் படமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தினமும் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்பியவள் நான்.

அந்த வருடம் மாமா, என் மாமனார், ஊரிலிருந்து வந்திருந்தார். 31 வருடம் பஸ் ஓட்டியவர். ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் இந்தப் படத்தைப் போட்டபோது இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பாலத்து நுனியில் கதாநாயகர்களின் கார் ரிவர்ஸ் எடுத்து, பின்பக்கமாகக் கரணம் அடித்து, துரத்தி வந்தவர்களைத் தாண்டுமே, அங்கே மட்டும், “ஏம்மா, ரிவர்ஸ்ல போற வண்டி எப்படிம்மா கரணம் அடிக்கும்? இது பொய்” என்றார். நசுங்கின கார் சரியாகி வந்ததைக் காட்டினேன். “ராத்திரியோட ராத்திரியா டிங்கர் வேலை பாத்து, காலையில லைன்ல விட்டிருக்கான். எங்க டிப்போவுல தினம் நடக்குறதுதானே!” என்றார்.

நடந்ததும் அதுதான். 1979-இல் படப்பிடிப்பு. பழைய போலீஸ் கார்கள் 60, தலா 400 டாலருக்கு வாங்கினார்கள். ஸ்டன்ட் ஓட்டுநர்கள் 40 பேருக்கு மேல். வண்டிகளைத் தட்டி எடுத்து மறுபடி ஓடவிட 24 மணி நேரமும் ஒரு பட்டறை நடந்தது. கதாநாயகர்களின் 1974 டாட்ஜ் மொனாகோவும் ஒன்றல்ல, 13 வண்டிகள். அத்தனை வண்டியை மாற்றி மாற்றி எடுத்தால் அடியும் கீறலும் ஷாட்டுக்கு ஷாட் ஒத்துப்போகுமா? சிகாகோவின் கீழ்த்தளச் சாலையான லோயர் வாக்கர் டிரைவில் மணிக்கு 100 மைலுக்கு மேல் வேகத்தில் நிஜமாக ஓட்டினார்கள். ஃபிலிமை வேகப்படுத்தி ஏமாற்றுகிறார்கள் என்று யாரும் நினைக்கக்கூடாதென்று, ஓரத்தில் ஆட்களை நடக்கவிட்டுச் சில ஷாட்களைத் திரும்ப எடுத்தார் இயக்குநர் ஜான் லாண்டிஸ். இவ்வளவு அக்கறை உள்ளவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

103 வண்டியை உடைத்ததற்கு வக்காலத்தா என்று யாராவது வருவீர்கள், தெரியும். அவர்கள் உடைத்ததில் பெரும்பகுதி கழித்துக்கட்டிய பழைய வண்டிகள். மால் காட்சி எடுத்த டிக்ஸி ஸ்கொயரும் 1978-லேயே மூடப்பட்ட மால். வீணடித்தார்கள் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் கருத்து.

நடுவில் தூக்கித் திறக்கும் பாலத்தைக் கதாநாயகர்களின் கார் தாண்டுமே, அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார். சிகாகோவில் 95-ஆவது தெரு, கால்யுமெட் ஆற்றின் மேல். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். திருப்பிக் கொடுத்தபோது, கதவில் முன்பே இருந்த கீறலுக்கு 280 டாலர் பிடித்தார்கள். எடுக்கும்போதே கவுண்டரில் இருந்த பையனிடம் காட்டினேன், “பரவாயில்லை” என்று சொல்லித்தான் சாவி கொடுத்தான். பிறகு கேட்டால், கீறலைப் போட்டோ எடுத்தீர்களா என்கிறார்கள். நான்கு முறை கடிதம் எழுதியும் ஒரு டாலர் திரும்பவில்லை. மாமா வழியெல்லாம் பேசவே இல்லை, தன்னால்தான் இந்தச் செலவு என்று.

ஆனால் பாலத்து மேல் நின்றபோது இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இந்த ஒண்ணுதாம்மா நிஜமா ஓட்டுனது. அவன் டிரைவர்” என்றார்.