மொப் என்றால் என்ன? அதை எப்படிப் பயன்படுத்துவது?

தரை துடைக்கிற நீளக் கைப்பிடித் துடைப்பான்தான் மொப். முனையில் பருத்தி நூல் கொத்தோ தட்டையான துணியோ பூட்டியிருக்கும். ‘ரூமை மொப் பண்ணு’ என்று வேலைக்கும் அதே பெயரைச் சொல்வார்கள். தும்புத்தடியால் கூட்டிவிட்டுத்தான் மொப் போட வேண்டும், இல்லாவிட்டால் தூசியெல்லாம் சேறாகிவிடும். ரப்பர் பட்டை வைத்துத் தண்ணீரை வழித்துத் தள்ளுவது வைப்பர், அது வேறு சாமான்.

ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங், அதாவது அறை துப்புரவு வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு நீங்கள் இதைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதுக்கெல்லாம் ஒரு கேள்வியா, துடைக்கிறதுக்கு என்ன படிப்பு என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் இந்த வேலை செய்பவரை வாசக்கூட்டி என்று ஒதுக்கி வைத்துப் பேசியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், நுவரெலியாவில் ஒரு பழைய பங்களா ஹோட்டலில் வேலை செய்தேன். கீழே சிவப்புப் பொலிஷ் போட்ட சிமெந்துத் தரை, மேலே பூராவும் பலகைத் தரை. ஏப்ரல் சீசனில் ஒரு நாள் வாகனங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, ஹோட்டன் சமவெளிக்குப் போய் வந்தவர்களின் சப்பாத்துச் சேறு மாடி நடை முழுக்க. புதிதாக வந்த சுப்பவைசர், “வாளித் தண்ணியை ஊத்தி ஒரே தள்ளாத் தள்ளு, நேரமில்ல” என்றார். “சேர், பலகை தண்ணி குடிச்சா ஊதிரும், பிறகு கதவு கூடச் சாத்த வராது” என்று சொல்லிவிட்டு, மொப்பைச் சொட்டுத் தண்ணீர் விழாத அளவுக்குப் பிழிந்து, பலகை ஓடுகிற வாக்கிலேயே துடைத்தேன். அவருக்குக் கோபம். வேலை முடிந்தபோது தரை காய்ந்தும் இருந்தது, யாரும் வழுக்கி விழவும் இல்லை. அந்த சீசன் முடிந்ததும் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்குப் பழக்கும் பொறுப்பை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

பிழிவதில்தான் எல்லாமே இருக்கிறது. 1893இல் தோமஸ் ஸ்டுவார்ட் என்ற கறுப்பின அமெரிக்கர் காப்புரிமை பெற்ற மொப்பின் விசேஷமே, தலையைக் கழற்றி மாற்றலாம், ஒரு நெம்புகோலை இழுத்தால் தண்ணீரைப் பிழியலாம் என்பதுதான். பிழிந்த பிறகு, எட்டுப் போடுகிற மாதிரி கையை வளைத்து வளைத்து, கதவைப் பார்த்துப் பின்னால் நடந்தே வர வேண்டும். துடைத்த இடத்தில் காலை வைக்கக் கூடாது. இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் மருந்துத் தண்ணீர், மற்றதில் அலசும் தண்ணீர். அலசும் தண்ணீர் பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ரூம் அழுக்கை அடுத்த ரூமில் பூசுகிறீர்கள். எங்களிடம் சிவப்புக் கைப்பிடி கழிப்பறைக்கு, பச்சை சமையலறைக்கு, நீலம் மற்ற இடங்களுக்கு. இன்னொன்று, பிளீச்சையும் கழிப்பறைக்கு ஊற்றுகிற அசிட்டையும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், குளிரில் எதுவும் சீக்கிரம் காயாது. மழைக் காலத்தில் மொப்பை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனால் மறுநாள் பூஞ்சணம் மணக்கும். நாங்கள் தலை மேலே இருக்கும்படி பொய்லர் ரூம் சுவரில் மாட்டுவோம். மெஷின் வைத்துத் துடைக்கிற பெரிய இடங்களில் வேறு முறை இருக்கும், நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

என் அம்மா தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவில் வேலை செய்தவர். முழங்காலில் நின்று சாக்குத் துண்டால் துடைத்து, பொலிஷ் போட்டு, தேங்காய் மட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்குவார். இரண்டு முழங்காலிலும் தோல் தடித்துக் கறுத்துப் போயிருந்தது. ஸ்பெயினிலும் பெண்கள் இப்படி முழங்காலில் நின்றுதான் துடைத்திருக்கிறார்கள். 1956 வாக்கில் மானுவேல் ஹாலோன் என்ற பொறியியலாளர் பிழியும் வாளியோடு மொப்பை அங்கே கொண்டு வந்த பிறகுதான் நிமிர்ந்து நின்று துடைக்க முடிந்தது. அம்மாவுக்கு யாரும் ஒரு மொப் வாங்கிக் கொடுக்கவில்லை. கேட்டால், “மட்டை இருக்குத்தானே” என்பார்களாம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் மனதில் வருகிறது. நான் முதலில் விண்ணப்பித்த ஹோட்டலின் இன்டர்வியூ கடிதம், திகதி கடந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. லயத்துக் காம்பராவுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறைக்குத் தனி விலாசம் கிடையாது, எல்லாக் கடிதமும் தோட்டத்து ஒபிசுக்குப் போய், யாராவது மலையில் கொழுந்தெடுக்கும்போது கொண்டு வந்து கொடுத்தால்தான் உண்டு. பாங்கு கடிதம், அடகுக் கடை அறிவித்தல், பிள்ளைகளின் பரீட்சை அனுமதி அட்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒபிசில் இருப்பவர்களைக் குறை சொல்வதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், இத்தனை தலைமுறையாக வாழ்கிற வீட்டுக்கு ஒரு இலக்கம் கேட்பது தப்பில்லை.

நீங்களும் லயத்தில்தான் இருக்கிறீர்கள் என்றால், விண்ணப்பத்தில் டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் யாருடையதாவது விலாசத்தைக் கொடுங்கள். கைத்தொலைபேசி இலக்கத்தையும் பெரிதாக எழுதுங்கள். இன்டர்வியூவில் மொப்பைக் கையில் கொடுத்தால் முதலில் பிழிந்து காட்டுங்கள்.