"ஹைன்ஸ் வார்ட் மாதிரி இரு" என்றால் என்ன அர்த்தம்?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பிட்ஸ்பர்க் வந்து எட்டு மாதம் ஆகிறது, வேலையில் எண்களெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் உங்கள் குழுவில் இருக்கும் வயதான ஒருவர் "கொஞ்சம் ஹைன்ஸ் வார்ட் மாதிரி இரு" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து தேடினால் ஹைன்ஸ் வார்ட் ஒரு அமெரிக்க ஃபுட்பால் ரிசீவர், அதாவது வீசும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர், 14 சீசனும் இந்த ஊர் ஸ்டீலர்ஸ் அணிக்கே ஆடியவர், சரியாக 1,000 கேட்ச், ஆனாலும் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இன்னும் இடமில்லை. இது பாராட்டா குத்தலா, இதற்காக ஃபுட்பால் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குத்தல் இல்லை. உங்களை வெளியாளாக நினைத்தால் அந்தப் பெயரையே எடுத்திருக்க மாட்டார். இந்த ஊர்க்காரர்கள் அதைச் சும்மா எடுக்க மாட்டார்கள்.

நான் வந்தது 2004 ஆகஸ்டில், ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரவு ஷிஃப்ட். எனக்குக் கிரிக்கெட் தெரியும், இந்த ஆட்டம் சுத்தமாகத் தெரியாது. என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மா, அப்போதே ஐம்பது தாண்டியவர், அவருடைய அப்பா இரும்பாலைத் தொழிலாளி. ஓய்வறையில் ஒரு சின்ன டிவி இருந்தது. அதில் பழைய ஆட்டத்தைத் திரும்பப் போடும்போது அவர் திரையிலேயே விரலை வைத்து, "பந்தைப் பார்க்காதே, 86ஐப் பார்" என்றார். 86 வார்டின் சட்டை எண். விரல் போன பக்கமே என் கண்ணும் போனது. பந்து ரன்னிங் பேக், அதாவது பந்தோடு ஓடுபவர், கைக்குப் போய்விட்டது, இனி ரிசீவருக்குப் பெயர் வாங்கித் தரும் வேலை எதுவும் இல்லை, ஓரமாக நாலு அடி ஓடிவிட்டு நின்றுவிடலாம், பல பேர் அப்படித்தான் நிற்பார்கள். 86 நிற்கவில்லை. ஓரத்திலிருந்து உள்ளே பாய்ந்து, தன்னைவிடப் பதினைந்து கிலோவாவது கூடுதலாக இருக்கும் எதிரணித் தடுப்பாளரான லைன்பேக்கரின் நெஞ்சில் தோளைக் கொடுத்து அவரைச் சாய்த்தார், அந்த இடைவெளியில் பந்து வைத்திருந்தவர் போய்விட்டார். 86 எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். கைதட்டல் பந்து வைத்திருந்தவருக்கு. அந்த அம்மா மட்டும் விரலை எடுக்காமல் 86 மேலேயே வைத்திருந்தார்.

இதற்குப் பெயர் பிளாக். எத்தனை கேட்ச், எத்தனை யார்டு தூரம், எத்தனை டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு, ரிசீவர் போடும் பிளாக்குக்கு அந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது. உங்கள் சகா சொன்னதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி 2005 கோடை, அதுதான் கதையின் மையம். வார்டின் ஒப்பந்தத்தில் ஒரு வருடம் பாக்கி. முந்தைய சீசனில் 80 கேட்ச், 1,004 யார்டு, 4 டச்டவுன். நல்ல கணக்குதான், ஆனால் லீக்கின் உச்சியில் வைக்கும் கணக்கு இல்லை. இந்த லீக்கில் ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் தொகை முழுதும் கைக்கு வரும் என்று கிடையாது, காயம் பட்டாலோ ஆட்டம் குறைந்தாலோ அணி வெட்டிவிடலாம், அந்தக் காலத்தில் கையெழுத்துப் போடும்போது தரும் போனஸ்தான் பெரும்பாலும் நிச்சயமான காசு. அதனால்தான் ஆடுபவர்கள் பழைய ஒப்பந்தம் முடியும் முன்பே நீட்டிப்புக் கேட்பார்கள். அணிக்கும் கட்டுப்பாடு உண்டு: அந்த ஆண்டு ஒரு அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்குமாகச் செலவழிக்க உச்சவரம்பு 8.55 கோடி டாலர். ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைய வேண்டும். வார்ட் பயிற்சி முகாமுக்கு வராமல் இருந்தார். முகாமுக்கு வராதவரோடு பேச மாட்டோம் என்பது ஸ்டீலர்ஸின் பழைய வழக்கம். இரண்டு வாரம் போல இழுத்தது, பிறகு ஒப்பந்தம் கையில் இல்லாமலே அவர் முகாமுக்கு வந்துவிட்டார். சீசன் தொடங்கச் சில நாள் இருக்கும்போது நான்கு ஆண்டு நீட்டிப்பில் கையெழுத்தானது. அன்றிரவு எங்கள் ஆய்வகத்தில் யாரோ சாக்லேட் கொண்டுவந்து வைத்தார்கள்.

அதே கோடையில் இதே மாநிலத்தின் மறுகோடியில், ஃபிலடெல்ஃபியாவில், டெரல் ஓவன்ஸ் என்ற ரிசீவரும் புது ஒப்பந்தம் கேட்டார். முந்தைய சீசனில் 1,200 யார்டு, 14 டச்டவுன், முழுதும் ஆறாத காலோடு சூப்பர் பௌலில் (லீக்கின் இறுதி ஆட்டம்) இறங்கி 122 யார்டு எடுத்தவர். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அணியோடு முட்டிக்கொண்டு முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார், நவம்பரில் அணியே அவரை விலக்கி வைத்தது. பின்னால் 2018இல் அவர் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார், வார்ட் போகவில்லை. எண்ணை வைத்துப் பார்த்தால் அது சரிதான் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு அணி ஜெயிப்பதற்கு ஒருவர் என்ன செய்தார் என்று பார்ப்பதானால், பந்து கையில் இல்லாத நேரத்தில் செய்ததையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்?

இன்னொன்றும் இந்த ஊர் மறக்காதது. 2005 ஜனவரியில், 15 வெற்றி 1 தோல்வி என்று வந்த அணி சொந்த மைதானத்திலேயே நியூ இங்கிலாந்து அணியிடம் தோற்றது. அப்புறம் பத்திரிகையாளர்கள் முன் வார்ட் அழுதார், தனக்காக இல்லை, அணியின் மூத்த ரன்னிங் பேக் ஜெரோம் பெட்டிஸ் ஒரு சூப்பர் பௌல்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிடுவாரோ என்று. பெட்டிஸ் இன்னும் ஒரு வருடம் ஆடினார். 2006 பிப்ரவரி 5, பெட்டிஸின் சொந்த ஊரான டெட்ராய்டில், சூப்பர் பௌலில் சியாட்டில் அணியை 21-10 என்று வென்றார்கள். 5 கேட்ச், 123 யார்டு, ஒரு டச்டவுன், ஆட்ட நாயகன் வார்ட். அன்று இரவு எங்கள் தெருவில் பனியில் நின்று ஸ்டீலர்ஸ் ரசிகர்களின் மஞ்சள் துண்டைச் சுழற்றிய பக்கத்து வீட்டுப் பெரியவர், அதுவரை என்னிடம் தலையை மட்டும் அசைப்பவர், என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

குறையையும் சொல்ல வேண்டும். 2008இல் சின்சினாட்டியோடு ஆடும்போது வார்ட் போட்ட ஒரு பிளாக்கில் கீத் ரிவர்ஸ் என்ற லைன்பேக்கரின் தாடை உடைந்தது. அடுத்த ஆண்டு, பார்க்காமல் இருப்பவரின் தலையைத் தாக்கும் பிளாக்கை லீக் தடை செய்தது, எல்லாரும் அதை ஹைன்ஸ் வார்ட் விதி என்றே சொன்னார்கள். அந்த விதி தேவையானது என்றுதான் நான் நினைக்கிறேன். அதே 2009இல், 33 வயதில், அவருக்கு இன்னொரு நீட்டிப்பும் கிடைத்தது. வேகம் குறைந்த வயது அது, ஆனாலும் கொடுத்தார்கள்.

உங்களுக்கும் எனக்கும் நெருக்கமான பகுதி இனிமேல்தான். வார்ட் பிறந்தது சியோலில். அம்மா கிம் யங்-ஹீ கொரியர், அப்பா கறுப்பின அமெரிக்க ராணுவ வீரர். குழந்தையோடு அமெரிக்கா வந்தபின் திருமணம் முறிந்தது, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கொஞ்ச காலம் பிள்ளையே அவரிடம் இல்லை. பாத்திரம் கழுவுவது, ஓட்டல் அறை சுத்தம் செய்வது, கடையில் பில் போடுவது என்று ஒரே சமயத்தில் மூன்று வேலை பார்த்து மகனை வளர்த்தார். சின்ன வயதில் பள்ளி வாசலில் அம்மாவோடு பார்த்துவிடுவார்களே என்று காரில் குனிந்துகொண்டதையும், திரும்பிப் பார்த்தபோது அம்மா அழுததையும் வார்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சூப்பர் பௌல் வென்ற இரண்டாவது மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொரியா போனார். கலப்பினப் பிள்ளைகளை அங்கே ஒதுக்கிவைத்திருந்த காலம் அது, அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு அறக்கட்டளையும் தொடங்கினார். வேலை செய்யும்போது எவன் பார்க்கிறான் என்று பார்க்காத குணம் அந்த அம்மாவிடமிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

சரி, உங்கள் விஷயம். என் முதல் வருட மதிப்பீட்டில் மாதிரிக் குழாய் கணக்கில் நான்தான் முதல். டிவியில் விரல் வைத்த அந்த ஆய்வக அம்மா என்னைவிடக் குறைவாகத்தான் முடித்திருந்தார், ஆனால் மாதிரிகளைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரம் நின்றுபோன இரவில் மூன்று பேர் ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்தார்கள், அவர் கேட்டதற்காக. என்னை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. உங்கள் குழுவில் யாருக்கு வேலை மாட்டிக்கொண்டு நிற்கிறது, புதிதாக வந்த பெண்ணுக்கு அந்தப் பழைய மென்பொருளை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், இதையெல்லாம் உங்கள் சகா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஃபுட்பால் விதி முழுதும் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, புளியோதரை வாங்கிக்கொண்டு ஒரு மணிக்குள் வீட்டுக்கு வந்து டிவியைப் போடுங்கள். பந்து இல்லாத ஒரு ரிசீவரை மட்டும் பாருங்கள், கால் மணி நேரம் போதும். திங்கட்கிழமை உங்கள் சகாவிடம் போய், "2006 பிப்ரவரி 5 அன்று எங்கே இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள், சீக்கிரம் முடியாது.