பழைய லேப்டாப், லேசான லினக்ஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் 2 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் இருக்கிறது. ஓடுவது 32-பிட் விண்டோஸ் 10. அதற்கு 2025 அக்டோபரோடு ஆதரவு நின்றுவிட்டது. 32-பிட் லினக்ஸ்தான் போட வேண்டுமா?
– திண்டுக்கல் வாசகி

பதில்: விண்டோஸ் 32-பிட் என்பதால் புராசசரும் 32-பிட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரேம் குறைவாக இருந்த பல லேப்டாப்களில் 64-பிட் புராசசர் மேல் 32-பிட் விண்டோஸைப் போட்டுத்தான் விற்றார்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் 'சிஸ்டம் டைப்' வரியைப் பாருங்கள். புராசசர் 'எக்ஸ்64' (x64) என்றிருந்தால் 64-பிட் லினக்ஸையே போடலாம். 'எக்ஸ்86' (x86) என்றிருந்தால் வேறு வழியில்லை, 32-பிட்தான். அதற்கு ஆதரவு வேகமாகக் குறைந்துவருகிறது. 32-பிட் லினக்ஸுக்கான குரோம் 2016-லேயே நின்றது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2025-ல் வந்த 13-ஆம் பதிப்புக்கு 32-பிட் இன்ஸ்டாலர் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 என்ற லேசான லினக்ஸில் 32-பிட் பதிப்பு இருக்கிறது.

உங்கள் 2 ஜிபிக்கு, எத்தனை பிட் ஆனாலும், எங்கள் தேர்வு ஆன்டிஎக்ஸ்தான். விண்டோஸை அழிப்பதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்ற நான்கும் சரியாக இருந்தால் இன்ஸ்டால் செய்யலாம்.

கேள்வி: 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். லுபுண்டு என்ற லேசான லினக்ஸ் போட்ட பிறகும் பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்தால் மவுஸ்கூட நகர மறுக்கிறது. இதைவிட லேசான டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) உண்டா?
– தேனி வாசகர்

பதில்: உண்டு, ஆனால் அதனால் பெரிய பலன் இருக்காது. டெஸ்க்டாப் மென்பொருளை மாற்றினால் சில நூறு எம்பி மிச்சமாகும்; கனமான இரண்டு டேப் அதை விழுங்கிவிடும். ரேம் நிரம்பியதும் சிஸ்டம் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்புக்கு, அதாவது ரேமில் இடம் போதாத தரவை வைக்கும் பகுதிக்குப் போகிறது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம்.

முதலில் காசில்லாத வைத்தியம். 'இசட்ரேம்-டூல்ஸ்' (zram-tools) என்ற பேக்கேஜை நிறுவுங்கள். ரேமின் ஒரு பகுதியிலேயே தரவைச் சுருக்கி வைத்து ஸ்வாப்பாகப் பயன்படுத்தும். நிறுவியதோடு விட்டால் 256 எம்பிதான் ஒதுக்கும். பலர் 'போட்டும் பலனில்லை' என்பது இதனால்தான். அதன் செட்டிங் ஃபைலில் 'பர்சென்ட்' (PERCENT) வரியின் முன்னுள்ள # குறியை நீக்கி, 50 என்று வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்தது செலவு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் முறை) எஸ்எஸ்டி ஒன்று, 240 ஜிபி போதும். பழைய சாட்டா போர்ட்டில் அதன் முழு வேகம் கிடைக்காதுதான். இருந்தாலும் சிறு ஃபைல்களைத் தேடி எடுப்பதில் ஹார்ட் டிஸ்க் அதன் பக்கத்தில்கூட வராது. ரேமும் வாங்குவதானால் பழைய துண்டைக் கழற்றி லேபிளைப் பாருங்கள். 'பிசி3எல்' (PC3L) என்றிருந்தால் அது 1.35 வோல்ட் வகை. அதற்குப் பதிலாக 1.5 வோல்ட் மட்டும் ஏற்கும் 'பிசி3' (PC3) துண்டைப் போட்டால் மெஷின் பூட் ஆகாமலே போகலாம்.

கேள்வி: வைஃபை கிடைக்கிறது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்கிறது. அப்டேட்டும் ஓடவில்லை.
– காரைக்குடி வாசகர்

பதில்: மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள், பல ஆண்டு பின்னால் இருக்கும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். அந்தத் தேதியில் தளம் உண்மையானது என்று காட்டும் சான்றிதழ் எதுவும் பிறந்தே இருக்காது. பிரவுசர் நம்ப மறுக்கிறது. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் செட்டிங் திரையில்) தேதியைத் திருத்தினால் இன்றைக்கு வேலை ஓடும். நிரந்தரத் தீர்வுக்கு பேட்டரியை மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் பொதுவாக சிஆர்2032, 3 வோல்ட். பல லேப்டாப்களில் அதே பேட்டரி இரண்டு ஒயரும் சிறு கனெக்டரும் சேர்ந்து வரும். வெறும் பேட்டரியை வாங்கி ஒயரைப் பற்றவைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம்.