ஆற்றில் வாழும் கப்பி (guppy) மீனுக்கும் தொட்டியில் வளர்க்கும் கப்பி மீனுக்கும் வளர்ச்சியிலும் குஞ்சு போடுவதிலும் என்ன வித்தியாசம்?

கப்பி, மோலி, பிளாட்டி மாதிரி மீன்கள் முட்டையை வெளியே இடாது. முட்டை தாயின் வயிற்றிலேயே வளர்ந்து பொரிந்து, நீந்தத் தெரிந்த குஞ்சாகத்தான் வெளியே வரும். இவைதான் குட்டி போடும் மீன்கள்.

தொட்டியில் வேளாவேளைக்குத் தீனி, வெதுவெதுப்பான தண்ணீர், துரத்த ஆளில்லை. அதனால் மளமளவென்று வளரும். பெண் மீனின் உடம்பு பெரிதானால் ஓர் ஈற்றுக்கு வரும் குஞ்சுகளும் கூடும், அதுவும் சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறை. இறைவைப் பயிருக்கும் மானாவாரிப் பயிருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஆனால் ஆற்று மீன் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, சுவாரசியமே இங்கேதான். டிரினிடாட் தீவின் ஓடைகளில், அருவிக்குக் கீழே பெரிய மீன்கள் வேட்டையாடும் இடத்தில், கப்பி சின்ன உடம்பிலேயே பருவமடைந்து பொடிப்பொடியாக நிறையக் குஞ்சு போட்டுவிடும், நாளைக்கு உயிரோடு இருப்போமா என்பதே நிச்சயமில்லையே! அருவிக்கு மேலே ஆபத்து குறைவு; அங்கே நிதானமாகப் பருவமடையும், குஞ்சுகள் கொஞ்சம்தான், ஒவ்வொன்றும் பெரியது. ஆய்வகத்தில் ஒரே தீனி போட்டு வளர்த்தாலும் அடுத்த தலைமுறையிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது, அதாவது இது பரம்பரைக் குணம்.

அப்புறம், ஆண் இல்லாத தொட்டியில் கப்பி குஞ்சு போட்டால் அது தானாகக் கருவுற்றது என்று நினைக்க வேண்டாம், முன்பு இணைசேர்ந்தபோது கிடைத்த விந்தணுவைப் பல மாதம் உடம்பிலேயே சேமித்து வைத்திருக்கும்.