இயற்பியல் உண்மைகளால் அனுபவத்தை முழுதாக விளக்க முடியுமா? நிறம் பிரியாத ஒருவனின் பதில்

மூளையைப் பற்றிய எல்லா இயற்பியல் உண்மைகளும் கைக்கு வந்துவிட்டால் அனுபவத்தையும் முழுதாக விளக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'சிவப்பைப் பார்ப்பது போல' என்று உதாரணமும் கொடுத்திருப்பதால் மேரி கதையைப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். படிக்காதவர்களுக்கு: ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஃபிராங்க் ஜாக்சன் 1982இல் எழுதியது. மேரி என்ற விஞ்ஞானி கறுப்பு வெள்ளை அறைக்குள்ளேயே வளர்கிறாள். நிறம் பற்றிய அறிவியல் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் வெளியே வந்து முதல்முறையாகச் சிவப்பைப் பார்க்கிறாள். அப்போது புதிதாக ஏதோ தெரிந்துகொள்கிறாள் என்றால், இயற்பியல் உண்மைகளுக்கு வெளியே ஏதோ மிச்சம் இருக்கிறது என்பது வாதம்.

இந்தக் கதையை வைத்து நான் படித்த பதில்கள் எல்லாமே நிறம் தெரிந்தவர்கள் எழுதியவை. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தத்துவம் முறையாகப் படித்தவன் இல்லை, எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். கலைச்சொல் தவறினால் அடிக்க வராதீர்கள்.

என் குறையைப் பற்றி இயற்பியலுக்குத் தெரியாதது அநேகமாக எதுவும் இல்லை. சாதாரண விழித்திரையில் நிறத்தை உணரும் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. ஒன்று சுமார் 560 நானோமீட்டர் ஒளிக்கு அதிகம் துடிக்கும், இன்னொன்று சுமார் 530க்கு, மூன்றாவது சுமார் 420க்கு. நடுவில் உள்ள 530 என்னிடம் இல்லை. காரணம், அம்மா வழியாக வந்த எக்ஸ் குரோமோசோம். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கும் இதே குறைதான். 1794இல் அவரே அதைப் பற்றி உரை நிகழ்த்தினார். இளஞ்சிவப்பு ஜெரேனியம் பூ அவருக்குப் பகலில் வான நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிந்ததாம். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று நம்பினார். 1844இல் அவர் இறந்ததும் கண்ணை எடுத்துப் பார்த்தார்கள், நீலமெல்லாம் இல்லை. மிச்சம் வைத்திருந்த திசுவில் 1995இல் டிஎன்ஏ பார்த்து, நடுக்கூம்பின் நிறமி இல்லை என்று உறுதி செய்தார்கள். இறந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ஒரு மனிதருக்கு எது தெரியாமல் போயிற்று, ஏன் என்று சொல்ல முடிகிறது. இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் இத்தனையும் தெரிந்தும் எனக்கு அந்த நிறம் கிடைக்கவில்லை, அதுவும் உண்மை. க்னுட் நோர்ட்பி என்று ஒரு நார்வே விஞ்ஞானி இருந்தார். பிறவியிலேயே எந்த நிறமும் தெரியாதவர், பார்வை ஆராய்ச்சிதான் தொழில். கிட்டத்தட்ட நிஜ மேரி. நிறத்தின் இயற்பியலும் உடலியலும் கரைத்துக் குடித்தும் நிறம் என்றால் என்ன என்பது பிடிபடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

சரி, பிடிபட்டவர்களிடம் கேட்போமே என்று சின்ன வயதில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். சிவப்பு எப்படி இருக்கும்? "சூடா இருக்கும்." நீலச் சுடர்கூடச் சூடுதானே? "ஒரு மாதிரி... கண்ணுல அடிக்கும்." மஞ்சளும்தான் அடிக்கிறது. கடைசியில் பொறுமை போய், "சிவப்பு சிவப்பாத்தான்டா இருக்கும், போடா" என்றாள். இன்றுவரை இதைவிட நல்ல பதில் எனக்கு யாரும் சொன்னதில்லை. அறையைவிட்டு வெளியே வந்த மேரி ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டாள் என்கிறார்களே, அந்த உண்மை என்ன என்று ஒருவராலும் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை. ஒரு நிலையை அறிவதும் அந்த நிலையில் இருப்பதும் வேறு வேறு. மேரியின் மூளை அதுவரை போகாத நிலைக்கு இப்போது போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. அவள் பெறுவது தகவல் அல்ல, ஒரு திறமை என்று தத்துவவாதி டேவிட் லூயிஸ் சொன்னார். அதையும் நான் முழுதாக ஏற்கவில்லை, ஆனால் பக்கத்தில் வருகிறது. ஜாக்சனே பிற்பாடு தன் வாதத்தைக் கைவிட்டுவிட்டார் என்பதை மேரியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் ஏனோ சொல்வதே இல்லை.

நிறப்பார்வைச் சோதனைக்கு இஷிஹாரா படங்கள் என்று உண்டு, 1917இல் வந்தவை. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும். ஒரு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் அதைக் காட்டினார்கள். வேலையோ மேசையில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுவது. அதில் நிறத்துக்கு என்ன வேலை என்று கேட்டேன், விதி என்றார்கள். படிக்கும்போது மின்தடையின் மதிப்பைக் காட்டும் வண்ணப் பட்டைகளில் சிவப்பு 2, பச்சை 5, பழுப்பு 1 என்பது கண்ணுக்குப் பிரியாமல், ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் வைத்து அளந்தே எல்லாச் செய்முறையும் முடித்தவன் நான். அதைச் சொன்னபோது அந்த மருத்துவர் சிரித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த பேனாவை நீட்டி "இது என்ன கலர்?" என்றார். என் குறை தெரிந்தவுடன் எல்லாரும் செய்வது இதுதான். கால் இல்லாதவரிடம் போய் ஓடிக் காட்டச் சொல்வார்களா? வேலை கிடைக்கவில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, விடுங்கள்.

சம்பந்தம் உள்ளது அதே இஷிஹாரா படப் புத்தகத்தில் பின்னால் வருகிறது. சில பக்கங்களில் கணக்குத் தலைகீழ். சாதாரணப் பார்வை உள்ளவர்களுக்கு வெறும் புள்ளிகள், என்னைப் போன்றவர்களில் பலருக்கு அதில் எண் தெரியும். அந்தப் பக்கத்தில் நீங்கள்தான் மேரி. நான் பார்ப்பது ஏன் உங்களுக்குத் தெரியவில்லை என்று கூம்புகளை வைத்துச் சொன்னால் "அப்படியா" என்று ஒப்புக்கொண்டு போய்விடுவீர்கள். இயற்பியல் தோற்றது, அதற்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று யாரும் எழுதப்போவதில்லை. எனக்குக் கிடைக்காத சிவப்பு மட்டும் எப்படி அதற்குச் சாட்சியாகும்?

உடனே "எல்லாம் விளங்கிவிட்டது என்கிறாயா" என்று கேட்பீர்கள். இல்லை. அனுபவங்களுக்குள் உள்ள வித்தியாசத்தை, குறையை, மயக்கத்தை விளக்க முடிகிறது. ஆனால் நரம்புத் துடிப்பு ஏன் உணர்வாக இருக்க வேண்டும், ஓசையில்லாமல் உள்ளேயே வேலை முடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்பதற்கு இன்னும் பதில் இல்லை. 1995இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 'கடினமான பிரச்சினை' என்று பெயர் வைத்தது இதற்குத்தான். இதுவரை விளக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், விளக்கவே முடியாது என்பதற்கு எவரும் காட்டிய ஆதாரம் எனக்குப் போதவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க மேரியும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். ஒரு பல்வலி போதும், அதில் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசமே கிடையாது.